தீப்பெட்டி அளந்த பூ

போன சனிக்கிழமை காலை. கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, காபி டம்ளரை அப்போதுதான் கையில் எடுத்திருந்தேன். வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. செல்வி அக்கா உள்ளே வந்தார். "இருக்கீங்களா தம்பி" என்கிற வழக்கமான குரல் இல்லை. கக்கத்தில் இருந்த நைட்டியை எடுத்து, ஓர் உதறு உதறி, என் கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றுக்கும் மேலாக விரித்துவிட்டார்.

"இது என்ன பூ தம்பி?"

பார்த்தேன். நீலத் துணி. அதில் மஞ்சள் நிறத்தில் ஐந்து இதழ்ப் பூ. எனக்கு நன்றாகத் தெரிந்த பூதான். பத்து நாளுக்கு முன்னால் என் கம்ப்யூட்டரில் நானே மவுஸால் இழுத்து இழுத்து ஒட்டிய பூ. ஆனால்...

"நீங்க போட்டுக் குடுத்த படத்துல செம்பருத்தி கணக்கா உள்ளங்கைக்குள்ள அடங்குத மாதிரி இருந்துச்சு. இது இட்லித் தட்டு கணக்கா இருக்கு. அதுவும் எங்க வந்து உக்காந்துருக்கு பாருங்க. நட்ட நடு வயித்துல."

என் மகள் அபி, ஏழாம் வகுப்பு, சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். அந்தப் பூவைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துப் பார்த்தாள். முகம் மறைந்துவிட்டது. பூவுக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது.

செல்வி அக்கா சிரிக்கவில்லை.

அவர் ஏன் சிரிக்கவில்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முன், இந்தப் பக்கத்தை முதல் தடவையாகப் படிக்கிற பிள்ளைகளுக்காக — நான் யார், என்ன வேலை செய்கிறேன் என்று இரண்டு வரி.

ராஜபாளையத்தில் இருக்கிறேன். பத்தாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்று ஆகிவிட்டது. ஃபிளெக்ஸ் போர்டு அடிக்கிற கடையில் வேலை பார்த்தேன். அங்கே ஓய்ந்த நேரத்தில் செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, கம்ப்யூட்டரில் 3டி மாடல் செய்யக் கற்றுக்கொண்டேன். இப்போது அதுதான் சோறு போடுகிறது. எங்கள் ஊரைச் சுற்றி எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் தையல் மிஷின் சத்தம் கேட்கும். பாதிக்கு மேல் நைட்டிதான். முன்னெல்லாம் நைட்டியைத் தைத்து, யாரையாவது போட வைத்து, போட்டோ எடுத்து, வெளியூர்க் கடைக்கு அனுப்புவார்கள். இப்போது அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது?

துணியை மட்டும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினால் போதும். என் கம்ப்யூட்டருக்குள் ஓர் அக்கா நிற்கிறார். எந்நேரமும் சிரித்த முகம், கால் வலிக்காது, சம்பளம் கேட்க மாட்டார். அபி அவருக்குச் சிலை அக்கா என்று பேர் வைத்திருக்கிறாள். சிலை அக்காவுக்கு வெள்ளை நிறத்தில் ஒரு 3டி நைட்டி இருக்கிறது. அந்த வெள்ளை நைட்டியின் மேல், வந்த துணிப் படத்தைப் போர்த்திவிடுவேன். அந்தப் படத்துக்குப் பேர் டெக்ஸ்சர். தைக்காத நைட்டி, தைத்த மாதிரியே நிற்கும். அந்தப் படத்தைப் பார்த்துக் கடைக்காரர் ஆர்டர் கொடுப்பார். பிறகுதான் தையல்.

போர்த்துவது என்றால் சும்மா போர்த்துவது இல்லை. இங்கேதான் விஷயம் இருக்கிறது.

நோட்டுக்கு அட்டை போடுவீர்கள் அல்லவா? பிரவுன் ஷீட்டுக்கு அளவு பார்க்க வேண்டியதில்லை, அதில் படம் இல்லை. ஆனால் அட்டையில் செங்கல் சுவர் படம் இருந்தால்? ஒரு செங்கல் கட்டில் அளவுக்குத் தெரிகிற மாதிரி ஒரு வீட்டு மாடலில் ஒட்டிப் பாருங்கள் — வீடு கொலு பொம்மை வீடாகச் சுருங்கிவிடும். அதே செங்கல்லைக் கடுகு அளவுக்குப் போட்டு ஒட்டுங்கள் — அதே வீடு பெரிய கோட்டையாகிவிடும். வீடு மாறவில்லை. மேலே ஒட்டிய படத்தின் அளவுதான் மாறியது. இதைத்தான் ஸ்கேல் என்கிறோம்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், எங்கள் தெருவில் நாய் வளர்க்கும் ஒருவர் தன் விளம்பரப் போர்டுக்காக நாய் மாடல் ஒன்று கேட்டார். நம் ஊர் நாய்தான், வெள்ளை வெளேர் என்று, காகிதம் மாதிரி வழவழப்பான முடி. நான் முடியின் டெக்ஸ்சரை அளவு பார்க்காமல் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டேன். அவர் ஸ்கிரீனை வெகுநேரம் பார்த்தார். "நாய் எங்க தம்பி? இது கயித்து மிதியடிக்கு மூக்கு வச்ச மாதிரில்ல இருக்கு" என்றார்.

அன்றைக்கே முடிவு செய்தேன். அளவு தெரியாத படத்தை ஒட்டக் கூடாது.

ஆனால் துணியின் படம் செல்போனில் வருகிறது. அதில் பூ எவ்வளவு பெரியது என்று எப்படித் தெரியும்? பக்கத்தில் வைத்து எடுத்தால் பெரிதாகத் தெரியும், தள்ளி நின்று எடுத்தால் சிறிதாகத் தெரியும். அதனால் துணிக்காரர்களிடம் ஓர் ஏற்பாடு சொல்லியிருந்தேன். துணிக்கு மேலே, அளவு தெரிந்த பொருள் ஒன்றை வைத்துப் போட்டோ எடுங்கள். அந்தப் பொருளைக் கம்ப்யூட்டரில் அளந்து, அதன் நிஜ அளவை டைப் செய்தால், பூவும் தன் நிஜ அளவுக்கு வந்து நிற்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் காதர் பாய் துணிக்கடை வைத்திருக்கிறார். செல்வி அக்காவுக்குத் துணி கொடுப்பவர் அவர்தான். அவர் முதலில் நாணயம் வைத்துப் பார்த்தார். பூப் போட்ட துணியில் நாணயமும் இன்னொரு பூ மாதிரியே கலந்துவிட்டது. துணிக்கடையில் மீட்டர் கோல் இருக்குமே என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கும். இரும்புக் கோல். டியூப் லைட் வெளிச்சத்தில் பளபள என்று மின்னி, ஒரு கோடுகூடப் படத்தில் தெரியாது. டேப்பை வைத்தால் அது பாம்பு மாதிரி சுருண்டுகொள்ளும். கடைசியில் தீப்பெட்டி. நம் பக்கத்துத் தீப்பெட்டி, மேலே கிளி படம். மேசை டிராயரில் எப்போதும் கிடக்கும், வழுக்காது, சுருளாது, மின்னாது. கிளி படத்தோடு பளிச்சென்று தெரியும்.

தீப்பெட்டியை அளந்து முடித்ததும், அதைப் படத்திலிருந்து வெட்டி எறிந்துவிட்டுப் பூவை மட்டும் எடுத்துக்கொள்வேன். இப்படியே வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பூகூட இடம் மாறி உட்கார்ந்ததில்லை... போன சனிக்கிழமை வரை.

சரி, செல்வி அக்காவுக்கு வருவோம்.

வன்னியம்பட்டியில் தகரக் கூரைக்குக் கீழே தையல் யூனிட் வைத்திருக்கிறார். இத்தனை வருஷமும் அடுத்தவர்களுக்குக் கூலிக்குத் தைத்தார். வெட்டிய துணி மூட்டையாக வரும், தைத்த நைட்டி மூட்டையாகப் போகும். அதில் யாரோ ஒருவரின் கடைப் பேர் இருக்கும். இந்த வருஷம்தான் துணிந்து, கேரளாவில் கொல்லத்தில் இருக்கிற ஒரு கடைக்கு நேராகப் படம் அனுப்பினார். கடைக்காரர் பார்த்தார். பூ சின்னதாக, அடக்கமாக இருக்கிறது, வயதானவர்களும் விரும்பிப் போடுவார்கள் என்று ஆர்டர் சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல், என் சிலை அக்கா படத்தைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். அங்கே பெண்கள் கேட்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். புதன்கிழமை லாரியில் சரக்கு ஏற வேண்டும்.

இது செல்வி அக்காவின் சொந்தப் பேரில் போகிற முதல் சரக்கு. இது சரியாகப் போனால் இனிமேல் அவர் முதலாளி. கெட்டுப்போனால் மறுபடியும் கூலித் தையல்.

அவரிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒரே ஒரு நைட்டியை முதலில் தைத்து, மாட்டிப் பார்க்காமல் மொத்தத் துணியில் கத்தரி வைக்க மாட்டார். துணியை அடுக்கடுக்காக மேசையில் விரித்துவைத்தாயிற்று. வெட்டுகிற மிஷினுக்குக் கரண்டும் கொடுத்தாயிற்று. அந்த ஒரு மாதிரி நைட்டிதான் இப்போது என் கீபோர்டு மேல் கிடந்தது.

"துணியில கத்தரி பட்டுட்டா பாய் திருப்பி எடுக்க மாட்டாரு தம்பி. தைக்குத பிள்ளைய எல்லாம் கையக் கட்டிட்டு உக்காந்துருக்குக. வெட்டவா, வேண்டாமா?"

காதர் பாய்க்குப் போன் போட்டேன். வேறு துணி மாறி வந்துவிட்டதா என்று கேட்டேன். மாறவே இல்லை, நம்பர் அதேதான், நானே என் கையால் அளந்து கட்டினேன் என்றார். கம்ப்யூட்டர்தான் சுருக்கியிருக்கும் என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. கம்ப்யூட்டர் துணி துவைத்தா சுருக்கும்? நான் டைப் செய்த அளவை எடுத்துப் பார்த்தேன். தீப்பெட்டியின் அளவு சரி. கோடு போட்ட இடம் சரி. எந்தத் தப்பும் இல்லை.

செல்வி அக்கா தைத்தது சரி. பாய் கொடுத்தது சரி. நான் அளந்தது சரி. மூன்று பேரும் சரி... ஆனால் பூ மட்டும் தப்பு. இப்படி ஒரு கணக்கை நீங்கள் எந்தப் பரீட்சையிலாவது பார்த்திருக்கிறீர்களா?

"பொறவு என்ன, நேர்ல போயிருவோம்" என்றார் செல்வி அக்கா. அவர் ஸ்கூட்டியில், நான் என் வண்டியில். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும் வரை எனக்கு முன்னால் போன ஸ்கூட்டி ஒரு லாரியையும் விட்டு வைக்கவில்லை, எல்லாவற்றையும் முந்தியது.

காதர் பாய் டீ சொன்னார். அக்கா டீ வேண்டாம் என்றார். பாய் திரும்பவும் சொன்னார். அக்கா வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

நான் பாயிடம் ஒன்று மட்டும் கேட்டேன். அன்றைக்கு எப்படிப் போட்டோ எடுத்தீர்களோ, அதே மாதிரி இப்போது எடுங்கள்.

அவர் அதே துணியை எடுத்து, அதே மேசையில் விரித்து, கையால் தடவிச் சுருக்கம் எடுத்தார். டிராயரைத் திறந்து தீப்பெட்டியை எடுத்தார். பூவுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் அன்றைக்கு வந்த படத்தைப் போனில் திறந்து பக்கத்தில் பிடித்தேன்.

அதே துணி. அதே கிளி. ஆனால் போனில் இருந்த படத்தில், பூ ஒன்றரைத் தீப்பெட்டி அகலம் இருந்தது. மேசையில் இருந்த பூ மூன்று தீப்பெட்டி அகலம் இருந்தது.

மூவரும் குனிந்து பார்த்தோம். பூ வளர்ந்ததா, தீப்பெட்டி சுருங்கியதா?

பாய்தான் முதலில் நிமிர்ந்தார். நெற்றியைத் தேய்த்தார். போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார். ஸ்பீக்கரில் அவர் மனைவியின் குரல் கேட்டது.

"ஏட்டி, அன்னைக்கு நான் வீட்டுக்கு வாங்கியாந்தேன்லா, பெரிய தீப்பெட்டி... அது இருக்கா?"

"அடுப்பாங்கரையில இருக்கு. ஏன், கடைக்கு வேணுமா? பாதிக் குச்சி தீந்து போச்சு."

பாய் போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். நடந்தது இதுதான். அன்றைக்குக் கடை டிராயரில் தீப்பெட்டி தீர்ந்துபோயிருந்தது. வீட்டு அடுப்புக்கு என்று வாங்கி வைத்திருந்த பெரிய பெட்டி கைக்குக் கிடைத்தது. அதைத் துணி மேல் வைத்துப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, சாயங்காலம் அந்தப் பெட்டியைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அதில் வேறு கிளி என்றால் நான் கண்டுபிடித்திருப்பேன். அதே கம்பெனி, அதே கிளி, அதே மஞ்சள் கரை, அதே எழுத்து. எல்லாமே அப்படியே பெரிது.

எதிரே இருந்த பெட்டிக்கடையில் பெரிய பெட்டி ஒன்று வாங்கிவந்து, சின்னப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மாவும் பிள்ளையும் மாதிரி ஒரே முகச்சாயல். தனித்தனியாகப் போட்டோ எடுத்துப் பார்த்தால், எது அம்மா எது பிள்ளை என்று சொல்லவே முடியவில்லை.

நான் சின்னப் பெட்டியின் அளவை டைப் செய்திருந்தேன். உண்மையில் கிடந்தது பெரிய பெட்டி. அதனால் பெட்டியும் பாதியானது, பக்கத்தில் இருந்த பூவும் பாதியானது. கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்யும் பிள்ளை. நான் சொன்னதை அது செய்துவிட்டது.

பிள்ளைகளா, இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஒரு படத்தை மட்டும் பார்த்து, அதில் இருப்பது பெரிதா சிறிதா என்று சொல்ல முடியாது. கிளி பெரிய பெட்டியிலும் கிளிதான், சின்னப் பெட்டியிலும் கிளிதான். பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் நாம் அளவு சொல்கிறோம். அந்தப் பக்கத்தில் இருப்பது எது என்று நிச்சயமாகத் தெரியவில்லை என்றால், அளவும் நிச்சயமில்லை. நீங்கள் வேண்டுமானால் வீட்டில் செய்து பாருங்கள். பெரிய பிஸ்கட் பாக்கெட், அதே பிஸ்கட்டின் சின்னப் பாக்கெட். இரண்டையும் தனித்தனியாகப் படம் எடுத்து வீட்டில் இருப்பவர்களிடம் எது பெரிது என்று கேளுங்கள். சரியாகச் சொல்பவருக்குப் பெரிய பாக்கெட்டைக் கொடுத்துவிடுங்கள். தீப்பெட்டி வேண்டாம், அது எங்களோடு போகட்டும்.

மறுபடியும் கடைக்கு வாருங்கள். தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. ஆனால் பூ சின்னதாகிவிடவில்லையே.

பாய் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, பூ அதே பூதான், கலரு அதே கலருதான். படத்துக்கும் துணிக்கும் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும்னு சொல்லி அனுப்பிருவமா? எல்லாக் கடையிலயும் சொல்லுறதுதான."

செல்வி அக்கா குடிக்காத டீயை மேசையில் வைத்தார்.

"கொஞ்சமா பாய் இது? அங்க பொம்பளைய போனக் கையில வச்சுக்கிட்டுத்தான் கடைக்கு வருவாவ. படத்தையும் நைட்டியையும் பக்கத்துல பக்கத்துல பிடிச்சுப் பாப்பாவ. நைட்டியத் திருப்பி வச்சுட்டுப் போயிருவாவ. பொறவு கடைக்காரரு என் போன எடுப்பாரா? ஒரு தடவைக்காக எம்புட்டு நாளு உழைச்சது போயிரும்."

பாய் தலையாட்டினார். வாதாடவில்லை. வெட்டாத துணி எவ்வளவு மிஞ்சினாலும் தான் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார், தீப்பெட்டி தன்னுடையது ஆயிற்றே என்றார். அது பெரிய மனசு. ஆனால் துணி திரும்பிப் போனால் ஆர்டரும் அதோடு போகும். அதே மாதிரி சின்னப் பூ போட்ட துணி அவரிடம் அப்போது இல்லை. வெளியூரிலிருந்து வரவழைக்க ஒரு வாரம் ஆகும்.

நான் சொன்னேன், முதலில் சரியான அளவில் படம் போட்டுப் பார்ப்போம். பூ பெரிது என்றால் பெரிதாகவே காட்டுவோம். பார்த்த பிறகு வெட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்வோம்.

எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அளவு தப்பாக இருக்கும் வரைதான் கம்ப்யூட்டர் நம்மை ஏமாற்றும். அளவு சரியாகிவிட்டால் அதைவிட நல்ல கூட்டாளி கிடையாது.

ராஜபாளையம் திரும்பினோம். தீப்பெட்டியின் அளவை மாற்றி டைப் செய்தேன். ஒரு நொடி. சிலை அக்காவின் மேல் இருந்த செம்பருத்திகள் எல்லாம் சட்டென்று வீங்கி இட்லித் தட்டுகள் ஆயின. ஒன்று நேராக வயிற்றில். செல்வி அக்கா கொண்டுவந்த நைட்டி எப்படியோ, அப்படியே.

"பாருங்க தம்பி, நெசத்துல எப்படிக் கண்ராவியா இருந்துச்சோ, அப்படியே இருக்கு" என்றார். அதுதான் அவர் எனக்குக் கொடுத்த பெரிய பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். படம் இப்போது உண்மை பேசுகிறது.

உண்மை பேசுகிற படத்தை வைத்து வேலை செய்யலாம். டெக்ஸ்சரை அளவு மாற்றாமல் நகர்த்தவும் முடியும். மவுஸைப் பிடித்து மெல்ல இழுத்தேன். வயிற்றில் இருந்த பூ கீழே நகர்ந்தது. முட்டிக்கு வந்தது. செல்வி அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஸ்கிரீனில் விரலை வைத்தார்.

"இன்னுங் கொஞ்சம் கீழ... எடது பக்கமா... அம்புட்டு வேண்டாம், செத்த மேல... நிறுத்துங்க. அங்கயே இருக்கட்டும்."

ஒரு பூ இடது பக்கம், பாதத்துக்குச் சற்று மேலே. இன்னொன்று வலது தோளில் ஆரம்பித்து முதுகுக்குப் போகிறது. நடுவில் நீலம் மட்டும். அபி எட்டிப் பார்த்துவிட்டு, இப்போது இட்லித் தட்டு இல்லை, நிஜமாகவே பூ என்றாள்.

சின்ன சைஸ் நைட்டியில் வைத்துப் பார்த்தோம், நன்றாக இல்லை. சிலை அக்காவைக் கொஞ்சம் குண்டாக்கினோம். கோபித்துக்கொள்ளவில்லை, அதே சிரிப்புதான். பெரிய சைஸ்களில் பூ அழகாக அமைந்தது. இடம் நிறைய இருக்கிறது, பூவுக்கு மூச்சு விட முடிகிறது.

ஒரு சிக்கல் இருந்தது. படத்தில் பூவை நகர்த்துவது எனக்கு ஒரு விரல் வேலை. துணியில் நகர்த்த முடியாது, வெட்டுகிற இடத்தைத்தான் நகர்த்த வேண்டும். அடுக்கடுக்காக விரித்த துணியில் மேல் அடுக்குப் பூவுக்கு நேர் கீழே எல்லா அடுக்கிலும் பூ இருந்தால்தான் எல்லா நைட்டியும் ஒரே மாதிரி வரும். விரித்த துணியை எல்லாம் எடுத்து, பூவின் நடுவில் ஊசி குத்தி, திரும்ப ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். வேலை இரட்டிப்பு. துணியும் கொஞ்சம் வீணாகும். செல்வி அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டார். முடியும் என்றார். ஆர்டர் இருந்தால் முடியும்.

படத்தைச் சேமித்து அனுப்பப் போனேன்.

"இருங்க தம்பி. அந்தத் தீப்பெட்டியையும் பக்கத்துல நிறுத்துங்க. சின்னப் பெட்டி. இந்தத் தடவ அளவு அவருக்கே தெரியட்டும்."

நான் எப்போதும் வெட்டி எறிகிற தீப்பெட்டி முதன்முறையாகப் படத்துக்குள் வந்தது. 3டியில் கிளியோடு ஒரு தீப்பெட்டி செய்து, நிஜ அளவில், பாதத்துக்கு மேலே இருந்த பூவுக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்று தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு பூ. மறைக்க இனி ஒன்றுமில்லை.

படம் வாட்ஸ்அப்பில் கொல்லத்துக்குப் போனது. பார்த்துவிட்டார் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. செல்வி அக்கா போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவருடைய இன்னொரு கை, அந்த மாதிரி நைட்டியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தது.

"சேட்டா, முதல்ல அனுப்புன படத்துல பூவோட அளவு தப்பு. எங்க பக்கத்துத் தப்புதான். இப்ப அனுப்பிருக்கதுதான் நெசம். பக்கத்துல தீப்பெட்டி இருக்கு பாருங்க. பூ பெருசு. பெரிய சைசுக்கு நல்லாருக்கும், சின்ன சைசுக்கு நல்லாருக்காது. நானே சொல்லுதேன். இன்னும் கத்தரி வைக்கல. நீங்க சொன்னா வெட்டுதேன், இல்லைன்னா இல்ல."

அந்தப் பக்கம் கடையில் யாரோ எதையோ விலை கேட்பது கேட்டது.

அப்புறம் கடைக்காரர் மலையாளம் பாதி தமிழ் பாதியாகப் பேசினார். சுருக்கம் இதுதான்: ஸ்டேட்டஸ் பார்த்துக் கேட்டவர்களுக்குச் சின்னப் பூதான் வேண்டும், அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? செல்வி அக்கா, சின்னப் பூ நைட்டி அடுத்த வார லாரியில் வரும், இந்தத் தடவை அளந்து அனுப்புகிறேன் என்றார். பிறகு அவர் கேட்டார், ஒரே ஒரு கேள்வி: கத்தரி வைப்பதற்கு முன்னாலேயா சொல்கிறீர்கள்?

"ஆமா. வச்ச பொறவு சொல்லி என்ன செய்ய?"

அவர் சிரித்துவிட்டார். பெரிய சைஸ் எல்லாவற்றையும் பெரிய பூவில் புதன்கிழமை அனுப்பச் சொன்னார். சின்ன சைஸை அடுத்த வாரம் சின்னப் பூவில். ஆர்டர் இரண்டாகப் பிரிந்தது, ஆனால் போகவில்லை. செல்வி அக்கா போனை வைத்துவிட்டு, சுருட்டிய ஓரத்தை மெதுவாக நீவிவிட்டார். ஆறிப்போன என் காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். "நாளைக்கு வாரேன் தம்பி" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். அது என் காபி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

புதன்கிழமை லாரி போனது. மிஞ்சிய துணி வெட்டாமல் காதர் பாய் கடைக்குத் திரும்பியது. பாய் இப்போது டிராயரில் சின்னத் தீப்பெட்டி ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறார். அதில் ஒரு குச்சிகூடக் கிடையாது. அடுப்புக்கு யாரும் எடுத்துப் போய்விடக் கூடாது அல்லவா?

பிள்ளைகளா, நீங்களும் நாளைக்கு ஏதாவது ஒன்றைச் செய்து மற்றவர்களுக்குக் காட்டத்தான் போகிறீர்கள். படமோ, மாடலோ, பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சியோ. அழகாகக் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியும் இருக்கட்டும். இவ்வளவுதான் என் அளவு என்று நீங்களே சொல்லிவிட்டால், அப்புறம் உங்களை அளந்து பார்த்துக் குறை சொல்ல ஒருவரும் வரமாட்டார்கள்.

நேற்று கொல்லத்துக்காரர் செல்வி அக்காவுக்குப் போன் செய்தாராம். புதுப் படத்தையும் தீப்பெட்டியோடு அப்படியே ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறார். நைட்டி நன்றாகப் போகிறதாம்.

வாங்குகிற பெண்கள் எல்லாம், படத்தில் இருக்கிற தீப்பெட்டி இலவசமா என்று கேட்கிறார்களாம்.